கயிறு பிடிக்கும் கை: வாடைக்காலத்தில் கடலுக்குச் செல்வோரும் கரையில் காத்திருப்போரும் அறிய வேண்டியவை

தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டில் நடைபெற்றது. அக்காலத்தில் ஒருவர் கல்லின் பாரத்தைத் துணையாகக் கொண்டு கடலடிக்கு இறங்கும்போது, தோணியில் இன்னொருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால், மேலே இருப்பவர் உடனே இழுத்தெடுப்பார். மூச்சை அடக்கி மூழ்கியவரின் உயிர் அவருடைய நுரையீரலை மட்டும் நம்பியிருக்கவில்லை. மேலே நின்றவரின் கவனத்தையும் நம்பியிருந்தது.

முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆயினும் கடலுக்குச் செல்லும் ஒவ்வொருவருக்கும் கயிறு பிடிக்க ஒரு கை இன்றும் தேவை. பெரும்பாலும் அந்தக் கை வீட்டிலுள்ளோருடையது. ஆகவேதான் இக்கட்டுரையைக் கடலோடிகளுக்காக மட்டுமன்றி, அவர்களுடைய குடும்பத்தாருக்காகவும் எழுதுகிறோம்.

வாடைக்காலத்தின் இயல்பு

பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலத்தில் மலையேறுவோர்க்கு எத்தகைய ஆபத்துகள் உண்டோ, அவற்றுக்கு இணையானவை நம் கரையில் ஐப்பசி முதல் தை வரை கடலுக்குச் செல்வோர்க்கு உண்டு. வங்கக் கடலில் புயல்கள் மிகுதியாக உருவாகும் பருவம் இதுவே. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்து, பயணிகளுடன் வந்த இரயிலையும் கடலுக்குள் இழுத்துச் சென்றது. 2017 நவம்பர் 30-ஆம் நாள் குமரிக் கடலில் ஒக்கி புயல் வலுப்பெற்றபோது, அதற்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலருக்கு எச்சரிக்கை சென்றடைய வழியில்லாமற் போயிற்று. தமிழகத்திலும் கேரளத்திலும் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது திரும்பி வரவில்லை. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். அன்று சாலைகள் துண்டிக்கப்பட்டன. நோயாளிகள் மருத்துவமனைக்கு வர இயலவில்லை. மருத்துவர்களும் நோயாளிகளிடம் செல்ல இயலவில்லை.

இந்நிகழ்ச்சிகள் கற்பிக்கும் பாடம் ஒன்றே. ஆபத்து வந்தபின் உதவி கிடைக்கத் தாமதமாகும். அந்தத் தாமதத்தைத் தாங்குவதற்கான ஏற்பாட்டைப் புறப்படுமுன்பே செய்துவிட வேண்டும்.

புறப்படுமுன் கேட்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும்

முதலாவது, வானிலை. இந்திய வானிலை ஆய்வு மையமும் மீன்வளத்துறையும் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று அறிவித்தால், அச்சொல்லை இறுதியாகக் கொள்ளுதல் வேண்டும். துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டின் எண்ணுக்கும் பொருள் உண்டு. 1, 2 ஆகியவை தொலைவிலுள்ள கடற்பகுதியைப் பற்றியவை. 3, 4 ஆகியவை நம் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும் என்பதைக் குறிப்பவை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்பது வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்தது என்பதற்கான அடையாளம். “ஒன்றாம் எண் கூண்டுதானே” என்று சொல்லிப் புறப்படுவோரைக் கண்டிருக்கிறோம். தொலைவில் என்பது இன்றைய நிலை. நாளைய நிலை அன்று.

இரண்டாவது, செய்தி. கடலுக்குச் செல்பவர் தம் வீட்டில் ஐந்து செய்திகளை விட்டுச் செல்ல வேண்டும்: எந்தப் படகு, அதன் பதிவு எண் என்ன; உடன் செல்வோர் யார்; எந்தத் திசையில், ஏறத்தாழ எவ்வளவு தொலைவு; திரும்பும் நேரம் எது; எந்த நேரத்துக்குள் திரும்பாவிட்டால் கரையிலுள்ளோர் தகவல் கொடுக்க வேண்டும். இவற்றுள் ஐந்தாவதே முதன்மையானது. அந்த நேரத்தை முன்பே உறுதி செய்துகொண்டால், “இன்னும் சற்று நேரம் பார்ப்போம்” என்ற தயக்கத்துக்கு இடமிராது.

படகில் இருக்க வேண்டியவை

ஒவ்வொருவருக்கும் ஓர் உயிர்காப்புச் சட்டை. அது படகின் அடியறையில் கிடந்தால் பயனில்லை. அலை எழும் நேரத்தில் உடலில் இருக்க வேண்டும். நீச்சல் தெரிந்தவருக்கு இது தேவையில்லை என்பது தவறான எண்ணம். தலையில் அடிபட்டு மயங்கி நீரில் விழுபவருக்கு நீச்சல் உதவாது.

கரையை விட்டுச் சற்றுத் தொலைவு சென்றாலே கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைப்பதில்லை. ஆகவே வி.எச்.எஃப். வானொலிக் கருவி வேண்டும். அதில் 16-ஆம் அலைவரிசை ஆபத்துக்கால அழைப்புக்கு உரியது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ஆபத்து எச்சரிக்கைக் கருவியை இயக்கினால், படகு இருக்கும் இடம் செயற்கைக்கோள் வழியாகச் சென்னையிலுள்ள கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தைச் சென்றடையும். கருவி இருந்தும் அதன் மின்கலம் செத்துக் கிடந்தால் அது வெறும் பெட்டியே. மாதம் ஒரு முறையேனும் அதனைச் சோதித்துப் பார்த்தல் நன்று.

இவற்றுடன் கைவிளக்கு, ஊதல், முகம் பார்க்கும் சிறு கண்ணாடி, நீர் புகாத உறையில் கைப்பேசி, நீர்ச்சத்துக் கரைசல் பொட்டலங்கள், சுத்தமான துணி, கட்டுத்துணி, நெகிழித் தாளில் சுற்றிய உலர்ந்த போர்வை ஆகியன இருத்தல் வேண்டும். குடிநீரைத் திட்டமிட்ட நாள்களுக்கு மேல் இன்னும் ஒரு நாளுக்கும் சேர்த்து எடுத்துச் செல்க. தாகம் மிகுந்தாலும் கடல்நீரைக் குடிக்கலாகாது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. அவ்வளவு உப்பை வெளியேற்ற, குடித்த நீரைவிட மிகுதியான நீரைச் சிறுநீரகம் செலவழிக்க நேரும். குடிக்கக் குடிக்க உடல் வறளும்.

தொடர்ந்து மருந்து உட்கொள்வோர்

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்வோர் பலர் எங்கள் புறநோயாளர் பிரிவிலிருந்து நேரே படகுத்துறைக்குச் செல்வதை அறிவோம். அவர்களுக்குச் சில குறிப்புகள்.

பயண நாள்களுக்கு வேண்டிய மாத்திரைகளுடன் மூன்று நாள்களுக்கானவற்றைக் கூடுதலாக எடுத்து, நீர் புகாத டப்பாவில் வைக்கவும். இன்சுலின் போடுவோர் அதனை வெயில் படும் இடத்திலும் என்ஜின் அருகிலும் வைக்கலாகாது. பனிக்கட்டியின் மேல் நேரடியாக வைத்து உறையச் செய்தலும் கூடாது. ஈரத்துணி சுற்றிய மண்கலம் போதும். கடும் உழைப்பு நாளில் உணவு தாமதமானால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனிருப்போர் இவற்றைக் குடிபோதை என்று எண்ணிவிடுகின்றனர். சர்க்கரையோ வெல்லமோ சட்டைப் பையிலேயே இருக்கட்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது.

வலிப்பு நோய் உள்ளோர் தனியாகப் படகில் செல்வதையும், நீரில் மூழ்கிச் செய்யும் தொழிலையும் தவிர்த்தே ஆக வேண்டும். அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர்கள், எப்போது மீண்டும் கடலுக்குச் செல்லலாம் என்பதைத் தாமே முடிவு செய்யாமல் எங்களைக் கேட்க வேண்டும். உங்கள் நோயின் பெயர், மருந்துகள், ஒவ்வாமை, இரத்த வகை ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி, ஒரு படியை உடனிருப்பவரிடமும் மற்றொன்றை வீட்டிலும் கொடுத்துச் செல்க.

நீரில் விழுந்தால்

நம் கடல் வெதுவெதுப்பானது. குளிரால் இங்கு எவரும் சாவதில்லை என்று பலர் நினைக்கின்றனர். காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். வாடைக்காற்று வீசும் இரவில், பல மணி நேரம் நீரில் கிடப்பவரின் உள்ளுடல் வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கக்கூடும். முதலில் நடுக்கம் தோன்றும். பின்னர் கைவிரல்கள் செயலிழக்கும். அதன்பின் சிந்தை தடுமாறும். நடுக்கம் நின்றுவிட்டதென்றால் நலம் திரும்பியது என்று பொருளன்று. உடல் தோற்கத் தொடங்கியது என்றே பொருள்.

படகு கவிழ்ந்தால் அதனை விட்டு விலகாதீர்கள். கவிழ்ந்த படகு தேடுவோர் கண்ணுக்குத் தெரியும். தனித்த தலை தெரியாது. கரை அருகில் இருப்பதுபோல் தோன்றினாலும் நீந்திச் செல்ல முயலாதீர்கள். ஆடைகளைக் களையாதீர்கள். உயிர்காப்புச் சட்டை அணிந்திருப்பின், முழங்கால்களை மார்போடு சேர்த்து, கைகளை உடலோடு ஒடுக்கி மிதந்திருங்கள். பலர் இருந்தால் ஒருவரையொருவர் நெருங்கி அணைத்திருங்கள்.

மீட்கப்பட்டவரை இயன்றவரை படுத்த நிலையிலேயே படகில் ஏற்ற வேண்டும். ஈர ஆடையை அகற்றி, உலர்ந்த போர்வையால் தலையையும் உடலையும் மூட வேண்டும். நல்ல நினைவோடு இருந்தால் வெதுவெதுப்பான இனிப்புப் பானம் கொடுக்கலாம். கை கால்களைத் தேய்த்துச் சூடேற்றுவதும், சாராயம் கொடுப்பதும் தீங்கு செய்யும். மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, எஞ்சியுள்ள வெப்பத்தையும் வெளியேற்றிவிடும்.

மூழ்கியவர்க்கு முதலுதவி

தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்றுவதும் நம் கரைகளில் இன்றும் காணும் பழக்கங்கள். இவற்றால் பொன்னான நிமிடங்கள் வீணாகும். வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் செல்லும். மூழ்கியவருக்கு இல்லாதது மூச்சு. அதனையே முதலில் கொடுக்க வேண்டும்.

அவர் அசைவற்று, இயல்பாக மூச்சுவிடாமல் இருந்தால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தவும். மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதவும். ஒவ்வொரு முறையும் மார்பு உயர வேண்டும். பின்னர் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, வளர்ந்தவர்க்கு 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்தவும். அதன்பின் இரு முறை ஊதவும். இவ்வாறு 30-க்கு 2 என்ற முறையில், அவர் மூச்சுவிடும் வரை அல்லது மருத்துவ உதவி வரும் வரை தொடரவும். ஒருவர் களைத்தால் மற்றவர் மாறிக்கொள்ள வேண்டும்.

நினைவு திரும்பி, “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்பவரையும் மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். நுரையீரலில் சென்ற நீரின் விளைவு சில மணி நேரம் கழித்துத் தோன்றக்கூடும்.

காணும் பொங்கல் நாளில் முயல் தீவுக்கும் கடற்கரைகளுக்கும் செல்லும் குடும்பத்தார்க்கும் இவை பொருந்தும். நீரில் இறங்கும் குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்பு வகுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்னும் கூட்டத்தில்தான் ஒருவரும் பார்ப்பதில்லை. நீரோட்டம் உள்ளே இழுத்தால் அதனை எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும்.

சங்குகுளிப்போர் கவனத்துக்கு

சில ஆண்டுகளுக்கு முன் சங்குகுளிக்கும் தொழிலாளர் ஒருவரை எங்களிடம் கொண்டுவந்தனர். முப்பது வயதைச் சற்றுக் கடந்தவர். ஒரு நாள் பலமுறை கம்ப்ரசர் குழாயுடன் இறங்கி ஏறியபின் அவருக்குத் தோள்பட்டையில் வலி தோன்றியிருக்கிறது. “மறுபடி இறங்கினால் சரியாகிவிடும்” என்று உடனிருந்தோர் கூற, அவரும் இறங்கினார். வலி குறைந்தது. மாலையில் கால்கள் மரத்தன. இரவில் சிறுநீர் பிரியவில்லை. வாயுப்பிடிப்பு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துப் பார்த்துவிட்டு, மறுநாள் பிற்பகலில் வந்தனர். அவர் இன்று ஊன்றுகோலுடன் நடக்கிறார், கடலுக்குச் செல்வதில்லை.

அவருடைய மனைவி எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: “வலி வந்த அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா நல்லா நடந்திருப்பாரா டாக்டர்?” அக்கேள்விக்கு உறுதியான விடை எங்களிடம் இல்லை. வாய்ப்பு மிகுதியாக இருந்திருக்கும் என்று மட்டுமே சொல்ல முடிந்தது. இந்தப் பகுதியை எழுதத் தூண்டியது அக்கேள்வியே.

நடந்தது இதுதான். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும், அதாவது ஏறத்தாழ ஐந்தரைப் பாகத்துக்கும், காற்று மண்டலத்தின் அழுத்தத்துக்கு இணையான அழுத்தம் ஒன்று கூடுகிறது. ஆழத்தில் அழுத்தத்துடன் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் அது குமிழ்களாகப் பிரிந்து மூட்டுகளையும் தண்டுவடத்தையும் தாக்குகிறது. படிப்படியாக மேலேறும் முறைக்கான அட்டவணையை ஹால்டேன் என்னும் பிரித்தானிய அறிஞர் 1908-இலேயே வெளியிட்டார். நூறாண்டுக்கு மேற்பட்ட அறிவு நம் கரைக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

ஆகவே மெதுவாக ஏறுங்கள். ஒரு நாளில் இறங்கும் தடவைகளையும் ஆழத்தையும் நேரத்தையும் குறைத்து, அவற்றைப் படகிலுள்ள ஒருவர் குறித்து வைக்கட்டும். என்ஜின் புகை கம்ப்ரசருக்குள் செல்லாதவாறு, காற்றை இழுக்கும் வாயைப் புகைபோக்கிக்கு அப்பால், காற்று வரும் பக்கம் அமைக்க வேண்டும்; கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும். சளி பிடித்திருக்கும்போது இறங்கினால் செவிப்பறை கிழியக்கூடும். மூச்சடக்கி மூழ்குவோர் அதற்குமுன் வேகமாகப் பலமுறை மூச்சிழுப்பதும் ஆபத்தே. மூச்சுத் திணறலை உணராமலேயே நீருக்கடியில் மயங்கிவிடுவர். மூழ்கியபின் 24 மணி நேரத்துக்கு விமானப் பயணமும் கொடைக்கானல் போன்ற மலையேற்றமும் கூடாது.

மூழ்கி வந்தபின் மூட்டுவலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல், மூச்சடைப்பு, சிறுநீர் பிரியாமை ஆகியவற்றுள் எது தோன்றினும் அது வாயுப்பிடிப்பு அன்று. மறுபடி இறங்காமல் படுக்க வைத்து, நீர் அருந்தச் செய்து, உடனே கொண்டு வாருங்கள். வழியிலேயே ஆக்சிஜன் கிடைக்குமாறு 108 ஊர்தியை அழையுங்கள். அழுத்த அறைச் சிகிச்சை எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறதோ அவ்வளவு பயன் தரும்.

குத்தும் கடியும்

திருக்கை வாலால் குத்தினால், தாங்கக்கூடிய சூடுள்ள நீரில் அந்த உறுப்பை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைக்க வலி தணியும். கொப்புளம் உண்டாக்கும் கொதிநீர் கூடாது. அவருடைய மரத்துப்போகாத மற்றக் கையால் சூட்டைச் சோதித்துப் பாருங்கள். முள் ஆழமாகப் பதிந்திருந்தால் பிடுங்காமல் வாருங்கள். சொறி மீன் பட்ட இடத்தைத் தேய்க்காமல் கடல்நீரால் கழுவுங்கள். கடற்பாம்பு கடித்தால் வலியோ வீக்கமோ இராது. அதனாலேயே பலர் பொருட்படுத்துவதில்லை. கடித்த உறுப்பை அசைக்காமல், கீறாமல், இறுகக் கட்டாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். இரத்தம் பெருகினால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் இடைவிடாது அழுத்திப் பிடியுங்கள்.

கரையில் இருப்போர் கடமை

குறித்த நேரம் கடந்தால் தயங்காமல் தகவல் கொடுங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவலர்க்கு 1093. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. மருத்துவ ஊர்திக்கு 108. நீங்கள் அழைத்தபின் படகு நலமாகத் திரும்பினால் அதில் நாணம் எதுவும் இல்லை. மீண்டும் அழைத்து, வந்துவிட்டார்கள் என்று சொன்னால் போதும். வெறுங்கையோடு திரும்பும் தேடல், யாரும் தேடாத இரவைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

இவ்விதழைப் படித்து முடித்ததும் ஒரு தாளை எடுங்கள். படகின் எண், உடன் செல்வோர் பெயர், செல்லும் திசை, திரும்பும் நேரம், தகவல் கொடுக்க வேண்டிய நேரம், மேற்கண்ட நான்கு எண்கள், மருந்துகளின் பெயர் ஆகியவற்றுக்கு இடம் விட்டு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கடலுக்குப் புறப்படுபவர் ஒவ்வொரு முறையும் அதனை நிரப்பிவிட்டு வாசலைத் தாண்டட்டும். எழுதத் தெரியாதவர் வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் செய்யட்டும்.

அன்று தோணியில் நின்றவர் கையில் இருந்தது ஒரு கயிறு. இன்று உங்கள் கையில் இருப்பது இந்தச் சீட்டு. அதனை விடாமல் பிடித்திருங்கள்.